சூனியோ முனை: ஏதென்ஸிலிருந்து கடலோரமாக ஒரு நாள்

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸுக்குத் தெற்கே, ஆட்டிக்கா நிலப்பரப்பு கடலுக்குள் நீட்டி முடியும் இடத்தை கிரேக்கர்கள் சூனியோ என்கிறார்கள். "சூனியோவுக்குப் போகிறோம்" என்று வீட்டில் சொன்னபோது, "காசு கொடுத்தா சூனியத்துக்குப் போவார்கள்?" என்று கேட்டார் அத்தை. அங்கே இருப்பது கடல் தெய்வம் பொசைடனின் கோயில். நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பாறை மேல், வெள்ளைத் தூண்களாக நிற்கிறது.

இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை சுற்றுலாப் பேருந்தில் ஐம்பது பேரோடு. கோயிலுக்குக் கொடுத்த நேரம் முக்கால் மணி. அதில் பத்து நிமிடம் கழிப்பறை வரிசையில் போனது. இரண்டாம் முறை நான்கு பேர் சேர்ந்து தனி வண்டி பேசிக்கொண்டோம். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டு பயணங்களிலும் கற்றது.

தனி வண்டி எதற்கு?

தூரம் பெரிதல்ல. ஏதென்ஸின் நடுவிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர், கடலோரச் சாலையில் ஒன்றரை மணி நேரம். ஆரஞ்சு நிற வெளியூர் பேருந்தும் போகிறது. தனியாகப் பயணம் செய்பவருக்கு அதுவே போதும். ஆனால் திரும்பி வரும் கடைசி பஸ் எப்போது என்பதை அன்றே கேட்டுவிட்டு ஏற வேண்டும். அந்தி வெளிச்சத்தைக் காணப் போய்விட்டு பஸ்ஸுக்காக மணி பார்த்துக்கொண்டிருப்பது பெரும் தொல்லை.

தனி வண்டிக்குக் கொடுக்கும் பணம் சொகுசுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீங்கள் விலைக்கு வாங்குவது காத்திருப்பை. கடலைக் கண்டதும் நிறுத்தச் சொல்லலாம், ஈர உடையோடு ஏறலாம், எல்லாரும் கிளம்பிய பிறகும் அரை மணி நேரம் இருக்கலாம். அந்தக் காத்திருப்பு உங்கள் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் பேருந்தே மேல்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

இந்தப் பயணத்தில் மாற்ற முடியாத ஒரே புள்ளி சூரியன் மறையும் நேரம். ஜூன் கடைசியில் அது இரவு 8.50-ஐ ஒட்டி வரும். டிசம்பரில் மாலை 5.10-க்கே இருட்டத் தொடங்கிவிடும். கோயில் வளாகம் காலை 9.30-க்குத் திறந்து சூரியன் மறையும்போது மூடப்படுகிறது; சற்று முன்பே புதிதாக உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஜனவரி 1, மார்ச் 25, மே 1, கிரேக்க ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் விடுமுறை. நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு கட்டணமில்லை. டிக்கெட் விலை அண்மையில் மாறியிருப்பதால் பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்த்து அங்கேயே வாங்கிவிடுங்கள்.

நான் போனது செப்டம்பர் கடைசி வாரம். என்னைக் கேட்டால் அதுதான் சரியான காலம். கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், வெயில் கருணை காட்டத் தொடங்கியிருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மெல்தெமி என்ற வடகாற்று வீசும். முனையில் அது தொப்பியைப் பறித்துக் கடலில் போட்டுவிடும். மணலைக் கிளப்பிக் கண்ணில் அடிக்கும். கோடையின் ஞாயிறு மாலைகளையும் தவிருங்கள். கடற்கரைக்குப் போன ஏதென்ஸ் முழுவதும் அதே சாலையில் வீடு திரும்பும்.

செப்டம்பர் கடைசியில் சூரியன் மறைவது 7.15 அளவில். அதிலிருந்து பின்னோக்கி வந்தோம். கோயிலுக்கு இரண்டரை மணி நேரம், ஆகவே 4.45-க்கு வாசலில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு 2.30 முதல் 4.15 வரை. அதற்கு முன் நீராட ஒன்றே முக்கால் மணி நேரம். விடுதியிலிருந்து கிளம்பியது 11.15-க்கு. காலையில் அவசரமாக எழ வேண்டியிருக்கவில்லை, அதுவே பாதி விடுமுறை.

வண்டி பேசும்போது

விடுதி வரவேற்பில் ஏற்பாடு செய்யச் சொல்லலாம், இணையத்தில் முன்பதிவு செய்யலாம், மஞ்சள் டாக்சிக்காரரிடமே நாள் வாடகை பேசலாம். எந்த வழியானாலும் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மொத்தம் எத்தனை மணி நேரம், சுங்கமும் வரியும் உள்ளடக்கமா, இடையில் எத்தனை இடங்களில் நிற்கலாம், குழந்தை இருந்தால் அதற்குரிய இருக்கை உண்டா. எல்லாவற்றையும்விட முக்கியம், இருட்டிய பிறகும் காத்திருப்பாரா என்பது. "அரை நாள் பயணம்" என்று விற்கப்படுவது பெரும்பாலும் நான்கைந்து மணி நேரம்தான். நான் மேலே சொன்ன கணக்கு பத்து மணி நேரத்தைத் தொடும். ஒப்பந்தத்தில் காத்திருப்பைக் குறிப்பிடாமல் போன நண்பர் ஒருவரை, வானம் சிவந்துகொண்டிருந்தபோதே ஓட்டுநர் கைபேசியில் அழைத்துக் கிளம்பச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கிரேக்கத்தில் உரிமம் பெற்ற வழிகாட்டி மட்டுமே தொல்லியல் தளத்துக்குள் விளக்கம் சொல்லலாம். ஓட்டுநர் எவ்வளவு விவரம் அறிந்தவராக இருந்தாலும் வாசலோடு நின்றுவிடுவார். வழியில் கதை சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே விளக்கம் வேண்டுமென்றால் வழிகாட்டியைத் தனியாக அமர்த்த வேண்டும். சிறிய தளம்தான், முன்கூட்டிப் படித்துக்கொண்டு போனால் தேவைப்படாது.

தானே ஓட்ட விரும்புபவர்கள் இந்திய உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும் என்பதை ஒவ்வொரு வளைவிலும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கடலைப் பார்க்கவா, சாலையைப் பார்க்கவா என்ற குழப்பம் வேறு.

முந்தைய நாள்

ஏதென்ஸில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் சூனியோ இளைஞன் சிலையைப் பார்த்துவிட்டுப் போங்கள். 3 மீட்டர் உயரப் பளிங்கு இளைஞன். இடக்காலை முன்வைத்து, கைகளை உடலோடு ஒட்டி நிற்கிறான். கி.மு. 600 அளவில் செதுக்கியது. 1906-இல் கோயிலருகே ஒரு குழியிலிருந்து எடுத்தார்கள். இப்போது நிற்கும் கோயில் எழுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இப்படிப்பட்ட சிலைகள் அந்த முனையில் கடலைப் பார்த்து நின்றன. இதை மனத்தில் ஏற்றிக்கொண்டு போனால் வெறும் பாறை வெறும் பாறையாகத் தெரியாது.

கடலோரச் சாலை

போகும்போது கடல் வலப்பக்கம் வரும். ஆகவே பின்னிருக்கையில் வலது ஜன்னலுக்கு முதலிலேயே இடம் பிடியுங்கள். பாலையோ ஃபாலிரோ, கிளிஃபாடா, வூலா வரை நகரத்தின் நீட்சிதான்: டிராம், படகுத் துறை, விலை உயர்ந்த காப்பிக் கடைகள். வேகமாகக் கடந்துவிடலாம்.

வூலியாக்மேனியில் நிறுத்துங்கள். சாலையோரத்திலேயே செங்குத்துச் சுண்ணாம்புப் பாறையின் அடியில் ஓர் ஏரி இருக்கிறது. கடல்நீரும் நிலத்தடி வெந்நீர் ஊற்றும் கலக்கும் உவர்நீர். ஆண்டு முழுவதும் 22 முதல் 29 டிகிரி வரை வெப்பம் இருக்கும். கட்டணம் உண்டு. காலை நீட்டி உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து கொறிக்கும். ஏரியில் குளிக்கும் கூட்டத்தில் முதியவர்கள் அதிகம், மூட்டு வலிக்கு நல்லது என்று நம்பி வருகிறார்கள். கூட்டமும் கட்டணமும் பிடிக்காதவர்கள் இன்னும் தெற்கே போய், சாலையோரப் பாறை இடுக்குகளில் கார் நிற்கும் இடமாகப் பார்த்து இறங்கலாம். கடல்முள்ளிகள் பாறையில் ஒட்டியிருக்கும், ரப்பர் செருப்பில்லாமல் கால் வைக்காதீர்கள்.

வார்கிசாவைத் தாண்டினால் கட்டடங்கள் குறைந்து, சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிறது. லாகோனிசி, சரோனிடா, அனாவிசோஸ், லெக்ரெனா என்று ஊர்கள் வரும். லெக்ரெனாவை நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் பாருங்கள். ஏதோ ஒரு வளைவில், தூரத்துப் பாறை உச்சியில் சீப்பின் பற்கள்போல் வெள்ளையாக ஒன்று தோன்றி மறையும். அடுத்த வளைவில் மீண்டும் தோன்றும்.

இந்தக் காட்சியைக் காண வேண்டியவர்கள் நாமல்ல, மாலுமிகள். ஏஜியன் தீவுகளிலிருந்து ஏதென்ஸுக்கு வரும் கப்பலுக்கு ஊர் நெருங்கிவிட்டதைச் சொன்ன அடையாளம் இந்த முனை. ஹோமரின் ஒடிசி காவியத்திலேயே இது புனித முனை என்று வருகிறது. டிராய் போரிலிருந்து திரும்பும் ஸ்பார்ட்டா மன்னன் மெனலாஸின் சுக்கான்காரன் இங்கேதான் இறக்கிறான், அவனை அடக்கம் செய்ய மன்னன் கப்பலை நிறுத்துகிறான். சங்கப் பாடல்களின் யவனர் நினைவுக்கு வந்தால் தவறில்லை. அந்தச் சொல்லின் வேர் அயோனியர். ஏதென்ஸ்காரர்களும் தங்களை அயோனியர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

சாப்பாடு

லெக்ரெனாவிலும், கோயில் பாறைக்கு நேர் கீழே உள்ள கடற்கரையிலும் மீன் உணவகங்கள் இருக்கின்றன. மீன் விலை பட்டியலில் கிலோவுக்குத்தான் இருக்கும். மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, தொகையைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். இதில் கூச்சப்பட வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். கேட்காமலே வரும் ரொட்டிக்கும் பில்லில் ஒரு வரி இருக்கும்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஃபாவா என்பது மஞ்சள் பருப்பை மசித்து, எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவது. கண்ணை மூடிச் சாப்பிட்டால் நம் வீட்டுப் பருப்பு. ஹோர்த்தா என்பது எலுமிச்சையும் எண்ணெயும் விட்ட வேகவைத்த கீரை. தக்காளிச் சாறில் வேகவைத்த பெரிய அவரை விதையும் கிடைக்கும். "நிஸ்தீசிமோ" என்று கேட்டால் விரத உணவு என்று புரிந்துகொண்டு பால், முட்டை, இறைச்சி இல்லாததைக் காட்டுவார்கள். ஆனால் எச்சரிக்கை: அவர்கள் விரதக் கணக்கில் இறாலும் கணவாயும் அடங்கும்!

சாப்பிட்டதும் அதே கடற்கரையில் பத்து நிமிடம் நில்லுங்கள், முடிந்தால் இடுப்பளவு நீரில். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் கோயிலுக்கு ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும். முனையின் அடிவாரத்தில் பாறையைக் குடைந்து கப்பல்களை ஏற்றி வைத்த கொட்டகைகளின் தடயமும் உண்டு.

முனையில்

வாசலில் டிக்கெட் சாளரம், காப்பிக் கடை, கழிப்பறை. மூன்றையும் அங்கேயே முடித்துவிடுங்கள், மேலே நிழல்கூடக் கிடையாது. தண்ணீர், தொப்பி, காற்றுக்கு ஒரு மேல்சட்டை, வழுக்காத செருப்பு. சில நிமிட ஏற்றம்தான், ஆனால் கரடுமுரடு. குழந்தையின் தள்ளுவண்டியை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது. தரையில் கிடக்கும் பளிங்குத் துண்டை நினைவுப் பொருளாக எடுப்பது குற்றம்.

ஏறும்போது ஓர் கோட்டை மதிலைக் கடப்பீர்கள். கி.மு. 412-இல், ஸ்பார்ட்டாவோடு நடந்த போரின்போது, தானியக் கப்பல்களைக் காக்க ஏதென்ஸ் இந்த முனைக்கு அரண் கட்டியது. கோயிலையே பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கோயில் கி.மு. 444-ஐ ஒட்டி, ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸ் காலத்தில் எழுந்தது. அதற்கு முன் இங்கே கட்டிக்கொண்டிருந்த கோயிலைப் பாரசீகர்கள் கி.மு. 480-இல் தகர்த்தார்கள். அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் தோற்றவர்களும் அவர்களே. பாரசீகர் பக்கம் போரிட்ட பினீசியரிடமிருந்து கைப்பற்றிய கப்பல் ஒன்றைக் கிரேக்கர்கள் இந்த முனையில் காணிக்கையாக வைத்தார்கள் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ். அந்த வெற்றிக்கான கப்பல்களைக் கட்டிய வெள்ளியும் பக்கத்து லாவ்ரியோ சுரங்கங்களிலிருந்து வந்ததுதான். சுரங்கத்தில் இறங்கியவர்கள் அடிமைகள். தூண்களின் வெண்மையில் மயங்கும் வேளையில் அந்தக் குன்றுகளையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இப்போது தூண்கள். நீளவாக்கில் 13, அகலவாக்கில் 6. மூலைகளை இருமுறை எண்ணாவிட்டால் மொத்தம் 34. இன்று நிற்பவை அதில் பாதிக்கும் குறைவு, அவற்றிலும் சில மீண்டும் தூக்கி நிறுத்தப்பட்டவை. கடலைப் பார்த்த தெற்கு வரிசையில்தான் அதிகம். ஒவ்வொன்றும் 6.10 மீட்டர் உயரம். அடியில் 1 மீட்டர் விட்டம், உச்சியில் 79 சென்டிமீட்டர். அருகில் நின்று செங்குத்துப் பள்ளங்களை எண்ணுங்கள். ஏதென்ஸ் கோட்டை மேலுள்ள பார்த்தெனான் கோயிலின் தூண்களில் 20 இருக்கும், இங்கே 16 மட்டுமே. நடுவில் பருத்துக் காட்டும் மெல்லிய வளைவும் இல்லை. அதனால்தான் இந்தத் தூண்கள் அவ்வளவு ஒல்லியாக, நேராகத் தெரிகின்றன. பார்த்தெனானின் கல்லில் இரும்புச் சத்து உண்டு, காலப்போக்கில் தேன் நிறமேறியது. இங்குள்ளது பக்கத்து அக்ரிலெசா பள்ளத்தாக்கில் வெட்டிய பளிங்கு, இரும்பில்லாததால் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது.

நம் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு கேள்வி எழும்: வழிபாடு எங்கே நடந்தது? தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிய கருவறை இருந்தது, அதில் தெய்வத்தின் சிலை. ஆனால் பலி கொடுத்தது கோயிலுக்கு வெளியே, திறந்த வெளிப் பலிபீடத்தில். மக்கள் திரண்டதும் அங்கேதான். ஆகவே நீங்கள் கோயிலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருப்பதற்காக வருந்தாதீர்கள். அன்றைய பக்தர்களும் ஏறக்குறைய அங்கேயே நின்றார்கள்.

சதுரத் தூண் ஒன்றின் அடியில் கவிஞர் பைரனின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. 1810-இல் அவர் இங்கே வந்தது உண்மை. வெட்டியது அவர்தானா என்பதில் சந்தேகம் உண்டு. கயிற்றுக்கு இப்பாலிருந்து படிப்பது கடினம், வழிகாட்டிகள் விரலை நீட்டுவார்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்குத் தெரியவில்லை.

கிழக்கு ஓரத்துக்கு நடந்து கீழே பாருங்கள். ஏதென்ஸ் மன்னன் ஏஜியஸ் குதித்ததாகச் சொல்லப்படும் இடம். கிரீட் தீவில் காளைத்தலை அரக்கன் மினோட்டாரைக் கொன்றால் வெள்ளைப் பாய் ஏற்றி வருவதாகச் சொன்ன மகன் தீசியஸ், வெற்றிக் களிப்பில் கறுப்புப் பாயை மாற்ற மறந்தான்; தூரத்தில் கறுப்பைக் கண்ட தந்தை கடலில் விழுந்தார், கடலுக்கு ஏஜியன் என்று பெயர் வந்தது. அவர் குதித்தது ஏதென்ஸ் கோட்டையிலிருந்துதான் என்று சொல்லும் கதையும் உண்டு. முனையில் நிற்கும்போது எந்தக் கதையை நம்புவது என்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அதே பக்கம் நீளமாகப் படுத்திருக்கும் தரிசுத் தீவு மக்ரோனிசோஸ். 1940-களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் இடதுசாரிகளைக் கொண்டுபோய் அடைத்து வைத்த முகாம் அங்கே இருந்தது. ஓட்டுநர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிலர் பேசுவார்கள், சிலர் வானிலையைப் பேசுவார்கள்.

கால்மணி நேரம் சேர்த்து ஒதுக்கினால், சாலைக்கு அப்பால் தாழ்ந்த குன்றில் உள்ள, அறிவுத் தெய்வம் அதீனாவின் கோயிலின் அடித்தளத்தையும் பார்க்கலாம். யாரும் போவதில்லை. கூரையும் தூணும் இல்லை. ரோமானியர் காலத்தில் அதன் தூண்கள் சிலவற்றை ஏதென்ஸ் சந்தைவெளிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் அங்கிருந்து பொசைடன் கோயில் முழுதாகத் தெரியும்.

இந்த இரு கோயில்களைப் பற்றி ஒரு வேடிக்கை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுவதற்கும் வழிகாட்டி நூல் எழுதிய பௌசானியஸ், தன் நூலை இந்த முனையிலிருந்துதான் தொடங்குகிறார். முதல் பத்தியிலேயே உச்சியில் இருப்பது அதீனா கோயில் என்று தவறாக எழுதிவிட்டார். பதினேழு நூற்றாண்டுகள் உலகம் அதை நம்பியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் வலேரியோஸ் ஸ்டாயிஸ் அகழ்ந்தபோது கிடைத்த கல்வெட்டுதான் பொசைடனுக்கு அவர் கோயிலை மீட்டுத் தந்தது. வழிகாட்டிகளை எந்த அளவு நம்பலாம் என்பதற்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள், இதை எழுதுபவனையும் சேர்த்து.

விசில் ஊதிய பிறகு

கடைசி முக்கால் மணி நேரத்தில் கூட்டம் தூண்களின் கிழக்கே குவியும். சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவே தூண்கள் வரும் இடம் அது, படத்துக்கு அதுவே சரி. ஓரிரண்டு படம் எடுத்துவிட்டு அங்கிருந்து விலகிவிடுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோயிலை மட்டும் பார்த்தால், தூண்கள் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, செம்மையாகி, சாம்பலாகும் வரிசை புரியும். புதர்களுக்கிடையே கவுதாரிகள் ஓடித் திரியும், மனிதர்களைப் பொருட்படுத்தாமல்.

காவலர்கள் விசில் ஊதி எல்லாரையும் வாசலுக்கு ஓட்டுவார்கள். பேருந்துகள் வரிசையாகக் கிளம்பும். இந்த இடத்தில்தான் நீங்கள் கொடுத்த பணத்துக்கு வேலை வருகிறது. வண்டியில் ஏறாதீர்கள். வாசலருகே ஒரு காப்பி வாங்கிக்கொண்டு இருபது நிமிடம் இருங்கள், வாகன நெரிசலும் கலையும். பிறகு ஓட்டுநரிடம் லாவ்ரியோ வழியாகப் போகச் சொல்லுங்கள். கடலோரச் சாலை இருட்டில் ஒன்றும் காட்டாது. உள்நாட்டு வழியில் நெடுஞ்சாலை கிடைக்கும், சுங்கம் உண்டு. மறுநாள் அதிகாலை விமானமென்றால், பெட்டிகளை வண்டியிலேயே வைத்துக்கொண்டு இப்படியே விமான நிலையம் பக்கம் தங்கப் போவது இன்னும் நல்லது, அது அந்த வழியில்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் கீழ்க் கடற்கரைக்கு ஐந்து நிமிடம் வண்டியைத் திருப்பச் சொல்லி இறங்குங்கள். விளக்கேற்றியிருப்பார்கள். பாறை இருட்டில் கரைந்துபோய், தூண்கள் மட்டும் எதன் மேலும் நிற்காததுபோல் வானத்தில் இருக்கும். எங்கள் ஓட்டுநர் எத்தனை முறை பார்த்திருப்பாரோ, அவரும் சிகரெட்டை அணைத்துவிட்டு இறங்கி வந்து நின்றார்.